மேனேஜர் சம்பளம்

அந்த வருஷம் நவம்பரில் பனி ஒழுங்காக விழவில்லை. விழும்போதே பாதி தண்ணீராகத்தான் விழுந்தது. காலையில் முற்றம் சேறாகக் கிடக்கும், மத்தியானத்துக்கு மேல் உறைந்து கண்ணாடியாகிவிடும். தவுனோ யாரும் வழுக்காமல் இருக்க இரண்டு வேளையும் வாளியில் மணல் கொண்டுபோய்த் தூவினார். எழுபத்தோரு வயது. இடது இடுப்பில் இரும்பு. முப்பத்தெட்டு வருஷம் காகித ஆலையில் மூன்றாம் இயந்திரத்தோடு நின்றவர். ஆலையை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆலை ஓடிய காலத்தில் கேட்காத ஆற்றுச் சத்தம் இப்போது படுக்கையறை வரைக்கும் வருகிறது.

மணல் தூவுவது அவர் வேலை இல்லை. அவர் மனைவி ஹில்காதான் அந்தக் கட்டிடத்துக்கு மேனேஜர். மூன்று மாடி, இருபத்து நாலு வீடு, ஆலைக்காரர்கள் சேர்ந்து சங்கமாகக் கட்டியது. மேனேஜர் புருஷன் சும்மா உட்கார்ந்திருந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சுக் கிளம்பும். அது தவுனோவுக்குத் தெரியும். மனிதர்களைப் பற்றி அவருக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதிகம் பேசாதவன் எதையோ மறைக்கிறான், அதிகம் பேசுகிறவன் எதையோ கேட்கப்போகிறான் என்பது அவர் கணக்கு. ஹில்கா ஒருத்தியைத்தான் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நிலவறை சவுனாவில், அந்த ஆவிக் குளியல் அறையில், ஆண்கள் முறை. மேல் படியில் தவுனோவும் ராய்மோவும் அம்மணமாக உட்கார்ந்திருந்தார்கள். ராய்மோ மூன்றாவது மாடி, வாடகைக் கார் ஓட்டுகிறவன், அவரைவிடப் பத்து வயது இளையவன். சுடுகல் மேல் ஒரு அகப்பை தண்ணீரை ஊற்றினான். ஆவி காதைப் பொசுக்கியது.

"வரி ஆபீஸ் திறந்து விட்டுட்டான், தெரியுமா?" என்றான் ராய்மோ. "போன வருஷம் எவன் எவ்வளவு சம்பாதிச்சான்னு இனி யார் வேணாலும் கேக்கலாம்."

"வருஷா வருஷம் திறக்கத்தானே செய்றான்."

"நான் யாரையும் சொல்லல. பொதுவாச் சொல்றேன். குழாய் மாத்துற வேலை வருதுல்ல. வீட்டுக்கு முப்பத்தெட்டாயிரம் யூரோ. அதுல மேனேஜருக்கு எவ்வளவு போகும்னு ஊருல பேச்சு."

"எந்த ஊருல? உன் காருலயா?"

"தம்பெரே பட்டணத்துல என் மச்சான் இருக்கான். அவங்க கட்டிடத்து மேனேஜர் மாசம் நாலாயிரத்துக்கு மேல வாங்குறான். கூட்டம் போட்டா தனி, சாயங்காலக் கூட்டம்னா அதுக்கு மேல தனி. போன் எடுத்தா பில்லு. குழாய் வேலைக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு பங்கு."

"அவன் இருபது கட்டிடம் பாக்குறான். படிச்சவன். பட்டணத்துல இருக்கான். இவ இந்த ஒரு ஓட்டக் கட்டிடத்த வச்சிக்கிட்டு மாசம் தொள்ளாயிரம் வாங்குறா."

"தொள்ளாயிரம்னு நீ சொல்ற."

தவுனோ அவனைத் திரும்பிப் பார்த்தார். வேர்வை கண்ணில் இறங்கியது.

"நாளைக்கே வரி ஆபீசுக்குப் போன் போடுறேன். செவ்வாக்கிழமை கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி வாசிக்கிறேன். கேட்டுட்டு வாய மூடிக்கணும்."

"நான் ஏன்யா மூடணும், நான் பொதுவாத்தான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ராய்மோ இன்னொரு அகப்பை ஊற்றினான்.

வீட்டுக்கு வந்தபோது ஹில்கா பட்டாணிக் கஞ்சியை மேசையில் வைத்திருந்தாள். வியாழக்கிழமை என்றால் அதுதான், பன்றிக்கால் போட்டு மூன்று மணி நேரம் வெந்தது. தவுனோ கடுகு விழுதை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினார். ஜன்னல் ஓரத்தில் அவள் ஆபீஸ்: ஒரு சின்ன மேசை, பதினாறு கோப்பு, ஒரு டார்ச், குழாய்த் திருகி. அவள் கைமுட்டி இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. காலையிலிருந்து ஆறாம் நம்பர் வீட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் கிடந்தவள்.

"மறுபடியும் ஒழுகுதா?"

"ஒழுகல. பீச்சுது. துணியச் சுத்தி வச்சிருக்கேன். அறுபது வருஷக் குழாய் தவுனோ, தொட்டாப் பொடியா வருது. அடுத்த குளிர் தாங்காது. வெடிச்சுதுன்னா இந்த வீட்ட எவனும் ஒரு யூரோவுக்கு வாங்கமாட்டான், நாம எங்க போறது?"

"பேங்க் என்ன சொல்லுது?"

"கூட்டத்துத் தீர்மானம் வரட்டும்னுது. சங்கக் கணக்கு சரியா நிக்கிதாம்."

"அப்ப சரி. நம்ம பங்குக்குக் காடு இருக்கு."

காடு என்பது ஹில்காவின் அப்பா விட்டுப்போனது. வடக்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏரிக்கரை, வளர்ந்து நின்ற பைன் மரம், தொண்ணூறு வயது மரம். இடுப்பில் இரும்பு வைத்த பிறகு தவுனோ அந்தப் பக்கம் போகவில்லை. குழாய் வேலை வரும் நாளில் அதை வெட்டுவது, அதற்கு முன் ஒரு கிளையைக்கூடத் தொடுவதில்லை என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தார். தினமும் ராத்திரி காடு இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போவார்.

"கஞ்சி ஆறுது" என்றாள் ஹில்கா.

மறுநாள் அவள் ஆறாம் நம்பருக்குப் போனதும் தவுனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி ஆபீசுக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் பியானோ சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், நல்ல குரல்.

"யாரோட விவரம் வேணும்?"

"ஹில்கா ரெபோ." பிறந்த வருஷத்தையும் ஊரையும் சொன்னார். அவர் பெயரை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புருஷன் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

"எழுதிக்கிறீங்களா? உழைப்பு வருமானம், பூஜ்யம்."

"என்னது?"

"உழைப்பு வருமானம் பூஜ்யம். மூலதன வருமானம் முப்பத்தோராயிரத்து அறுநூறு யூரோ."

தவுனோ எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இது வேற ஹில்கா, அம்மா. நான் கேக்குற ஆளு மேனேஜர். மாசம் தொள்ளாயிரம் சம்பளம். நீங்க சரியாப் பாருங்க."

"அந்த ஊர்ல அந்த வருஷத்துல பிறந்தவங்க இந்தப் பேர்ல ஒருத்தர்தான் இருக்காங்க ஐயா. சம்பளம்னு எதுவும் பதிவாகல."

"மூலதனம்னா என்ன?"

"வாடகை, பங்கு லாபம், மரம் வித்த பணம், இது மாதிரி. எதுன்னு எனக்குத் தெரியாது. மொத்தம்தான் காட்டும். வேற யாராவது விவரம் வேணுமா?"

வேண்டாம் என்று சொன்னாரா, சொல்லாமலே வைத்தாரா, அவருக்குத் தெரியாது. காபிப் பாத்திரத்தைத் தூக்கினார். ஊற்றாமலே திரும்ப வைத்துவிட்டார். மாதம் முதல் தேதி தொள்ளாயிரம் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. அவர் கண்ணால் பார்க்கிறார். மீன் வாங்குகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், மின்சாரம் கட்டுகிறார்கள். எங்கிருந்து?

எஸ்கோவின் நம்பரைத் தேடினார். காட்டுக்குப் பக்கத்து நிலத்துக்காரர். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

"தவுனோவா? உயிரோடதான் இருக்கியா?" என்றார் எஸ்கோ.

"எஸ்கோ, காடு எப்படி இருக்கு?"

"எந்தக் காடு?"

"ஹில்காவோட காடு."

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

"என்னய்யா கேக்குற? போன வருஷம் பிப்ரவரியிலேயே மெசின் வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிருச்சே. மூணே நாளு. இப்ப என் வாசல்ல நின்னா ஏரி தெரியுது. எனக்கு வசதிதான், பொய் சொல்லமாட்டேன். ஹில்கா வந்து நின்னா. உனக்கு இடுப்பு வலின்னு சொன்னா."

தவுனோ போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் பிப்ரவரியில் ஹில்கா அக்காள் வீட்டுக்கு நாலு நாள் போய் வந்தாள். வரும்போது புகைபோட்ட மீன் கொண்டுவந்தாள். அந்த மீனைத் தின்றது ஞாபகம் இருந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆலை மூடுகிறார்கள் என்று முற்றத்தில் நிற்கவைத்துச் சொன்ன அன்றைக்கு எழுநூறு பேரோடு சேர்ந்து நின்று கேட்டார். இன்றைக்குத் தனியாக உட்கார்ந்து கேட்கிறார்.

ஹில்கா ஈரக் கையுறையோடு உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். பூஜ்யம், அதற்குக் கீழே முப்பத்தோராயிரத்து அறுநூறு. கையுறையைக் கழற்றி ரேடியேட்டர் மேல் காயப் போட்டாள்.

"கேட்டுட்டியா?" என்றாள்.

"உன்னக் காப்பாத்தத்தான் கேட்டேன். ராய்மோ வாய அடைக்க. நீ என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"உக்காரு."

"நான் உக்காந்துதான் இருக்கேன்."

அவளும் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"இருபத்து நாலு வீட்டுல ஒம்போது வீடு காலி. செத்தவங்க வீடு. வாரிசுங்க கடுதாசிக்குப் பதில் போடுறதில்ல, மாசக் கட்டணம் கட்டுறதில்ல. வெந்நீர் பில்லு மட்டும் இருபத்து நாலு வீட்டுக்கும் வருது. கணக்கு ரெண்டு வருஷம் கடன் இல்லாம நின்னாத்தான் பேங்க் குழாய்க்குக் கடன் குடுக்கும். நான் தொள்ளாயிரம் எடுத்தா நிக்காது. அதனால எடுக்கல. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். மைரே டீச்சர் சங்கத் தலைவியா கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"டீச்சருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சா மரத்த வெட்ட விட்டிருப்பியா?"

"விட்டிருக்கமாட்டேன்."

"அதான்."

தவுனோ எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். முற்றத்தில் தூவிய மணல் பாதி மூழ்கிவிட்டிருந்தது.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"வரி போச்சு. மாசா மாசம் தொள்ளாயிரம் நம்ம கணக்குல போட்டேன், நீ சம்பளம்னு நெனச்சிக்கிட்ட. ஜனவரில சங்கக் கணக்குல வெந்நீர் பில்லுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் குறைஞ்சுது, அதையும் போட்டேன். இந்த மாசத்தோட தீந்துது."

"தீந்துதுன்னா?"

"ஒண்ணுமில்ல தவுனோ."

அவர் அவளைப் பார்த்துக் கத்த நினைத்தார். மேசையில் கிடந்த காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"இருபது வருஷமா மேனேஜர் வேலை பாக்குற. பட்டணத்துல ஒருத்தன் போன் எடுக்கவே பில்லு போடுறான். நீ காசு குடுத்து வேலை பாத்திருக்க. பைத்தியமா உனக்கு?"

"சம்பளம் வேலைய வச்சா வருது? வீட்ட வச்சு வருது. புதுக் கட்டிடமா இருந்தா ஒழுகாது, ஆளுங்க ஒழுங்காக் கட்டுவாங்க, மேனேஜர் மாசத்துல ஒரு தடவை வந்துட்டு நாலாயிரம் வாங்கலாம். கட்டிடம் கெழடாச்சுன்னா வேலை ரெண்டு மடங்கு, குடுக்க ஆளு பாதி. அதுலயும் மேனேஜர் அதே கட்டிடத்துல குடியிருந்தா கூலி உயத்தச் சொல்லிக் கேக்க முடியாது. மாடிப்படியில மொகத்தப் பாக்கணும்ல. எனக்குச் சான்றிதழ் கிடையாது, அறுபத்து மூணு வயசு. வேற எவன் வேலை குடுப்பான்? இந்தக் குழாய் போச்சுன்னா வேலையும் போகும், வீடும் போகும். மரத்த வெட்டினா வீடாவது நிக்கும்னு நெனச்சேன்."

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"செவ்வாக்கிழமை நீ வாயத் தொறக்காத" என்றாள் ஹில்கா. "எதையும் வாசிக்காத. கடன் தீர்மானம் மட்டும் நிறைவேறட்டும். அது போதும்."

நாலு நாள் அவர்கள் கஞ்சிக்கு உப்பு வேண்டுமா, ரொட்டி தீர்ந்துவிட்டதா என்பதைத் தவிர வேறு பேசவில்லை. தவுனோ மணல் தூவினார். தூவும்போது அவர் பார்த்த ஜன்னல் எல்லாம் காலி வீட்டு ஜன்னலாகவே தெரிந்தது. இத்தனை காலி வீடு எப்போது ஆனது என்று அவருக்குப் புரியவில்லை.

செவ்வாய் ஆறு மணிக்கு நிலவறைக் காப்பறையில் கூட்டம். யுத்த காலம் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய அறை, ஒரு சாண் கனத்தில் இரும்புக் கதவு, இதுவரைக்கும் காபி குடிக்கத்தான் பயன்பட்டது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஹில்கா ஏலக்காய் பன் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். மைரே டீச்சர் தலைமை. ஊரில் பாதிப்பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், எண்பது வயதிலும் முதுகு நேராக உட்கார்ந்திருப்பார். கூட்டக் குறிப்பு எழுதுவது மேனேஜர் வேலை. ஹில்கா பேனாவைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேங்க் கடிதத்தை டீச்சர் வாசித்தார். குழாய் வேலைக்குக் கடன் தருவதாக எழுதியிருந்தது. மாதக் கட்டணம் இன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது, போனால் கட்ட ஆள் இருக்காது, அப்படியானால் கடன் இல்லை என்றும் எழுதியிருந்தது. இப்போதைய கட்டணம் அந்த அளவுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"ஒரு கேள்வி இருக்கு" என்று ராய்மோ எழுந்தான். "கடன எடுக்கலாம், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா குழாய் வேலையில மேனேஜருக்குப் பங்கு உண்டா இல்லையான்னு தெரியணும். தவுனோ வருமானத்த வாசிக்கிறேன்னு என்கிட்டச் சொன்னாரு. வாசிக்கட்டும்."

எல்லோரும் தவுனோவைப் பார்த்தார்கள். ஹில்கா பேனாவைப் பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் அவர் நாலு நாளாக நினைத்திருந்தார். ஆனால் பதினோரு பேர் பார்க்கும்போது பேசாமல் இருப்பவனைப் பற்றி அவரே என்ன நினைப்பார் என்று அவருக்குத் தெரியும்.

"கேட்டேன்" என்றார். "வருஷத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. மாசம் தொள்ளாயிரம். வேற ஒண்ணும் கிடையாது. போதுமா?"

அறுபது வருஷமாக யாரிடமும் பொய் சொல்லாத மனிதர். அதனாலேயே அது அவருக்குச் சரியாக வரவில்லை. கடைசி வார்த்தையில் குரல் மேலே போனது.

ராய்மோ உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மெதுவாகப் பிரித்தான்.

"நானும் போன் போட்டேன்" என்றான். "எனக்கு வேற மாதிரிச் சொன்னாங்க. சம்பளம் பூஜ்யம். வேற வழியில வந்தது முப்பத்தோராயிரத்து அறுநூறு. தவுனோ, நீ பொய் சொல்ற ஆளு இல்ல. இன்னிக்கு ஏன் சொல்ற? அந்த முப்பத்தோராயிரம் யார் குடுத்தது? குழாய்க் கம்பெனிக்காரனா?"

யாரோ காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வரி ஆபீஸ் எனக்கு மட்டும் பதில் சொல்லும் என்று எப்படி நினைத்தேன்? ஊருக்கே திறந்து வைத்த கதவு என்று சவுனாவில் உட்கார்ந்து அவன்தானே சொன்னான். நாற்காலியின் விளிம்பைப் பிடித்தார். ஹில்காவை ஒருவரும் திருடி என்று சொல்லவில்லை, இனிமேல் சொல்லவும் தேவையில்லை. அதை அவர் சொன்ன பொய்யே செய்து முடித்துவிட்டது.

"ராய்மோ, உக்காரு" என்றாள் ஹில்கா. எழுந்திருக்கவில்லை. பேனா கையிலேயே இருந்தது. "அது எங்க அப்பா காடு. வெட்டி வித்தேன். நான் ரெண்டு வருஷமா சம்பளம் எடுக்கல. எடுத்திருந்தா இந்த லெட்டர் வந்திருக்காது. வீட்டுச் செலவுக்கு அந்த மரத்துப் பணம். டீச்சரக் கேளு."

மைரே டீச்சர் தலையை ஆட்டினார். "நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியில சொல்ல வேண்டாம்னு ஹில்கா கேட்டுக்கிட்டா. தப்புன்னா என் தப்பும்தான்."

ராய்மோ துண்டுக் காகிதத்தைத் திரும்ப மடித்தான். நாலாக மடித்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தான். முகம் சவுனாவிலிருந்து வந்தவன் மாதிரி சிவந்திருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "யாராவது சொல்லியிருந்தா..." முடிக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

கடன் தீர்மானத்துக்கு எல்லோர் கையும் மேலே போனது. ஹில்கா எண்ணி எழுதினாள். மேனேஜராக அவளே தொடர வேண்டும் என்று இரண்டாம் மாடி விதவை முன்மொழிந்தாள். அதற்கும் எல்லோர் கையும் போனது. ராய்மோவின் கை எல்லோருக்கும் முன்னால் போனது, எல்லோருக்கும் பின்னால் இறங்கியது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் டீச்சர். "வெளிய வந்த பிறகு நான் மறைக்க முடியாது. மேனேஜர் சம்பளம் மாசம் தொள்ளாயிரத்த இனிமே மறுபடியும் குடுக்கணுமா, வேண்டாமா? குடுத்தா மாசக் கட்டணம் பேங்க் சொன்ன அளவத் தாண்டும். கடன் கிடைக்காது. அது எல்லாருக்கும் புரியுதுல்ல? குடுக்கணும்கிறவங்க கையத் தூக்குங்க."

மேலே எங்கோ காலி வீட்டுக் குழாய் ஒன்று இருமியது. விதவை பன்னில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ராய்மோ தரையைப் பார்த்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை என்று தவுனோவுக்கு அப்போது தோன்றியது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. முப்பத்தெட்டாயிரம், கடன் இல்லையென்றால் வீடு இல்லை, இனி வெட்ட மரமும் இல்லை. ஆனாலும் ஒரு கையாவது மேலே போக வேண்டும். எவனாவது தூக்குவான் என்று வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி ஆள் வரைக்கும் பார்த்து முடித்த பிறகுதான் தன் கை இரண்டும் தொடை மேல், ஒன்றின் மேல் ஒன்றாக, கிடப்பது தெரிந்தது. தூக்கச் சொல்லிப் பார்த்தார். இரும்பு இடுப்பில்தான் இருந்தது, தோளில் இல்லை. கை எழவில்லை.

எழுதுகிறவள் எண்ணித்தான் எழுத வேண்டும். ஹில்கா தலையை நிமிர்த்தி முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கண் தவுனோவிடம் வந்தது. மற்றவர்களிடம் நின்ற அளவே நின்றது. அப்புறம் குனிந்து, ஆதரவு ஒருவரும் இல்லை என்று எழுதினாள்.